வாசகர் கேள்வி பதில்: நெல்வயலும் காபன் கணக்கும்

சென்ற இதழில் நெல்வயலிலிருந்து மெதேன் வாயு வெளியாவது பற்றி அரைப்பக்கம் எழுதியிருந்தேன். அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை, பாதிக் கடிதங்கள் கோபத்தில் எழுதியவை, மீதியில் நல்ல கேள்விகள் இருந்தன, கோபத்தில் எழுதியவற்றிலும் சில நல்ல கேள்விகள் இருந்தன. ஒரே மாதிரிக் கேட்டவற்றைச் சேர்த்து, பெயர்களை விட்டுவிட்டு, ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: கொழும்பில் பஸ் கக்குகிற புகையில் மூச்சு முட்டுகிறது. அதை விட்டுவிட்டு நெல் விதைக்கிறவனைப் போய்க் குற்றவாளி ஆக்குகிறீர்கள். இது பணக்கார நாடுகள் எழுதிக் கொடுத்த கதை இல்லையா? (கடை நடத்துபவர், கொட்டாஞ்சேனை)

கோபம் நியாயம்தான் ஐயா. இலங்கையில் ஒரு ஆள் ஆண்டுக்கு வெளியிடும் காபனீரொட்சைட்டு ஏறத்தாழ 1 தொன், உலகச் சராசரி 4 தொன்னுக்கு மேல். பூமியைச் சூடாக்கியவர்கள் பட்டியலில் நம் கமக்காரர் எங்கோ கடைசியில்தான் நிற்கிறார். இதில் எனக்கும் உங்களுக்கும் கருத்து வேறுபாடே இல்லை.

ஆனால் பஸ் புகை கண்ணுக்குத் தெரிகிறது, வயலிலிருந்து வருவது தெரிவதில்லை, அதுதான் சிக்கல். உலகத்தில் வெளியாகும், வெப்பத்தைப் பிடித்து வைத்துப் பூமியைச் சூடாக்குகிற பச்சைவீட்டு வாயுக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு விவசாயம், காடழிப்பு, நிலப் பயன்பாடு மூன்றும் சேர்ந்து வெளியிடுவது. அதில் பெரிய துண்டு காட்டை வெட்டுவதால் வருகிறது. அடுத்தது மாடு, ஆடு அசைபோடும்போது வரும் மெதேன். பிறகு நெல்வயல், பிறகு பசளை. நெல்வயலில் என்ன நடக்கிறது என்றால், வாரக்கணக்கில் தண்ணீர் கட்டி நிற்கும்போது மண்ணுக்குள் ஒட்சிசன் போகாது, அந்த இருட்டில் சில நுண்ணுயிர்கள் பழைய வேர், வைக்கோல் எல்லாவற்றையும் தின்று மெதேனை விடுகின்றன, அந்த வாயுவில் பெரும் பகுதி நெற்பயிரின் தண்டு வழியாகவே மேலே வந்துவிடுகிறது. மெதேன் காற்றில் நிற்பது ஏறத்தாழ 12 ஆண்டுதான். ஆனால் 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் ஒரு கிலோ மெதேன் 80 கிலோ காபனீரொட்சைட்டு செய்கிற வேலையைச் செய்யும், 100 ஆண்டுக் கணக்கில் 27, 28 மடங்கு. யூரியாவிலிருந்து வருகிற நைதரசு ஒட்சைட்டு இன்னும் பொல்லாதது, 273 மடங்கு, நூறாண்டுக்கு மேல் காற்றில் நிற்கும்.

அப்படியென்றால் நெல் விதைக்கக் கூடாதா என்று கேட்டால், அந்தப் பேச்சுக்கே இடமில்லை. மெதேன் சீக்கிரம் கரைந்து போகிற வாயு என்பதால் இன்று குறைத்தால் பத்து, பதினைந்து ஆண்டுக்குள் பலன் தெரியும், அதற்காகத்தான் இவ்வளவு பேச்சு. யார் செலவில் குறைப்பது என்பதுதான் சண்டை போட வேண்டிய இடம். அந்தச் சண்டையில் நான் உங்கள் பக்கம்.

கேள்வி: அப்பாவின் வயல் 4 ஏக்கர் இரணைமடுக் குளத்தின் கீழ் இருக்கிறது. நான் கொழும்பில் வங்கியில் வேலை, வயல் குத்தகைக்கு விட்டிருக்கிறது. காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் விட்டால் மெதேன் பாதியாகும் என்று வாசித்தேன். குத்தகைக்காரரிடம் அப்படிச் செய்யச் சொல்லலாமா? விளைச்சல் குறையுமா? (தெஹிவளை)

தம்பி, சொல்லலாம், ஆனால் சொல்லுகிற விதம் முக்கியம், அதைக் கடைசியில் பார்ப்போம்.

முறை இதுதான். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான நீளத்தில் பிளாஸ்டிக் குழாய் ஒன்றை எடுத்து, அடிப்பகுதியில் துளைகள் போட்டு, துளையுள்ள பகுதி மண்ணுக்குள் போகிற மாதிரி வயலில் நட்டு, உள்ளே இருக்கிற மண்ணை எடுத்துவிட வேண்டும். குழாய்க்குள் எட்டிப் பார்த்தால் நிலத்துக்குக் கீழே தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று தெரியும். மேலே தண்ணீர் வற்றி, மண்ணுக்குக் கீழே 15 சென்றிமீற்றர் வரை இறங்கியதும் திரும்பப் பாய்ச்ச வேண்டும், 5 சென்றிமீற்றர் உயரத்துக்கு. திரும்பவும் வற்ற விட வேண்டும். பூக்கிற காலத்தில் மட்டும், ஒரு கிழமை முன்னும் பின்னும், தண்ணீர் வற்றவே விடக்கூடாது, அங்கே பிழைத்தால் பதர்தான் மிஞ்சும். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பரப்பிய முறை இது. ஒழுங்காகச் செய்தால் தண்ணீர் 30 சதவீதம் வரை மிச்சம், மெதேன் ஏறத்தாழ பாதியாகக் குறையும், விளைச்சல் குறையாது. மண் காய்ந்து நனையும்போது நைதரசு ஒட்சைட்டு சற்றுக் கூடும் என்பது உண்மை, ஆனாலும் கூட்டிக் கழித்தால் இலாபப் பக்கம்தான்.

இவ்வளவு நல்லதென்றால் ஏன் எல்லாரும் செய்வதில்லை என்று நீங்கள் கேட்க வேண்டும். கமக்காரருக்குத் தெரியாது, அறிவூட்ட வேண்டும் என்று கருத்தரங்குகளில் சொல்வார்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடிப்பதில்லை. அவர் தண்ணீரைக் கட்டி வைப்பதற்கு அவரிடம் மூன்று நல்ல காரணம் இருக்கிறது. முதலாவது களை. நம்மிடம் நாற்று நடுவது குறைந்து வீச்சு விதைப்புத்தான் எங்கும், தண்ணீர் நின்றால் களை அடங்கும், வற்றினால் களைநாசினிக்கோ கூலி ஆளுக்கோ காசு வேண்டும். இரண்டாவது நம்பிக்கை. வாய்க்காலின் தலைப்பில் வயல் உள்ளவர் துணிந்து வற்ற விடலாம், கடைவாய்க்காலில் இருப்பவர் இன்று வற்ற விட்டால் அடுத்த முறைத் தண்ணீர் தன் வரம்புவரை வந்து சேருமா என்று எதை நம்பி விடுவார்? மூன்றாவது, தண்ணீருக்கு அவர் அளவுப்படி காசு கட்டுவதில்லை, மிச்சம் பிடித்து அவருக்கு என்ன கிடைக்கப் போகிறது? வங்காளதேசத்தில் இதே கதைதான் நடந்தது. பம்பு வைத்திருப்பவருக்குப் போகத்துக்கு இவ்வளவு என்று மொத்தமாகக் கொடுக்கிற இடங்களில் கமக்காரர்கள் இந்தக் குழாயைத் திரும்பியும் பார்க்கவில்லை, பாய்ச்சுகிற அளவுக்குக் காசு கொடுக்கிற இடங்களில் ஆர்வமாகச் செய்தார்கள்.

ஆகவே தனி ஒரு வயலில் குழாய் நடுவதைவிட, போகம் தொடங்குமுன் குளத்தின் கீழ் நடக்கிற பயிர்ச்செய்கைக் கூட்டத்தில்தான் இது முடிவாக வேண்டும். எந்த வாய்க்காலுக்கு எந்தெந்த நாளில் தண்ணீர் என்று எழுதி ஒட்டி, அந்த நாளில் கட்டாயம் திறந்துவிட்டால், கடைவாய்க்கால்காரரும் வற்ற விடுவார். இது நீர்ப்பாசனத் திணைக்களமும் கமக்கார அமைப்பும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை. இன்னொன்று, பெரும்போகத்தில் இதை எதிர்பார்க்க வேண்டாம், ஒக்டோபர் முதல் ஜனவரி வரை வாடைக்காற்று மழை கொட்டுகிறபோது வயலை எப்படிக் காய விடுவது? வன்னியில் இது மழை குறைந்த சிறுபோக வேலை. சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீரைப் பார்த்துத்தானே எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று பங்கு போடுகிறார்கள், தண்ணீர் மிச்சமானால் பங்கு கூடும், கமக்காரருக்குக் கையில் தெரிகிற இலாபம் அதுதான். (பரப்புக் கூடினால் மொத்த மெதேன் திரும்ப ஏறுமே என்று ஒரு வாசகர் மடக்கியிருந்தார். ஏறலாம். ஒரு கிலோ அரிசிக்குரிய மெதேன் குறைகிறதா என்று பார்ப்பதுதான் நியாயமான கணக்கு, சாப்பாட்டைக் குறைப்பது நம் நோக்கம் இல்லையே.)

இப்போது உங்கள் குத்தகை. நீங்கள் கொழும்பில் இருந்துகொண்டு தொலைபேசியில் "இப்படிச் செய்யுங்கள்" என்று சொன்னால், களை எடுக்கிற செலவும், பிழைத்தால் வருகிற நட்டமும் அவருக்கு, மனத்திருப்தி உங்களுக்கு. அது சரியில்லை. 4 ஏக்கரில் ஒரு ஏக்கருக்கு மட்டும் ஒரு சிறுபோகம் செய்து பார்க்கச் சொல்லுங்கள், அந்த ஏக்கரின் குத்தகையை அந்தப் போகத்துக்கு விட்டுக் கொடுங்கள், களை எடுக்கும் கூலியில் பாதியை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். அப்புறம் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரை ஒருமுறை வந்து பார்க்கச் சொல்லுங்கள். காபன் வரவு (குறைத்த வாயுவை அளந்து, அதற்கான சான்றிதழை விற்பது) விற்றுக் காசாக்கலாம் என்று யாராவது வந்தால் நிதானமாகக் கேளுங்கள், சிறு வயல்களில் அளந்து சான்றிதழ் எடுக்கிற செலவே வருகிற காசில் பெரும் பங்கைத் தின்றுவிடும். நூற்றுக்கணக்கான வயல்கள் ஒரு குளத்தின் கீழ் சேர்ந்து போனால்தான் அந்தப் பேச்சுக்கு அர்த்தம். வியட்நாம் அப்படித்தான் போகிறது, மீகொங் டெல்டாவில் 2030க்குள் 10 இலட்சம் ஹெக்டேயரை இந்த மாதிரி நெற்செய்கைக்கு மாற்றுவதென்று 2023 நவம்பரில் அரசே திட்டத்தை அங்கீகரித்தது.

கேள்வி: 2021இல் இரசாயனப் பசளையைத் தடை செய்தது சுற்றாடலுக்கு நல்ல முடிவுதானே? செயல்படுத்தியது மட்டும்தான் பிழை என்று எங்கள் விரிவுரையாளர் சொல்கிறார். (பல்கலைக்கழக மாணவி, வெள்ளவத்தை)

உங்கள் விரிவுரையாளரோடு எனக்குப் பாதி உடன்பாடு. அதைவிடவும் குறைவு என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், அப்போது நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பீர்கள். 2021 ஏப்ரலில் அன்றைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச அறிவித்தார், மே மாதம் வர்த்தமானி வந்தது, இரசாயனப் பசளையும் கிருமிநாசினியும் இறக்குமதி செய்ய முடியாது, நாடு முழுக்க ஒரே அடியில் சேதன விவசாயம், அதாவது எருவும் தழையும் மட்டும். டொலர் இல்லாத நேரம் என்பதையும் மறக்க வேண்டாம். சீனாவிலிருந்து சேதனப் பசளை ஏற்றிய கப்பல் வந்தது, மாதிரியில் தீங்கான பக்றீரியா இருக்கிறதென்று இங்கே இறக்க விடவில்லை, கடைசியில் இறக்காத பசளைக்கு 67 இலட்சம் டொலர் கட்டினோம். நவம்பரில் தடையைத் தளர்த்தினார்கள், அதற்குள் பெரும்போகம் தொடங்கிவிட்டது, நெல் விளைச்சல் படுத்துவிட்டது, தேயிலையும் அடி வாங்கியது. 2022 ஜனவரியில் கமக்காரருக்கு 4,000 கோடி ரூபாய் இழப்பீடு என்று அறிவிக்க வேண்டி வந்தது.

"செயல்படுத்தியது மட்டும்தான் பிழை" என்பதில் எனக்கு ஏன் உடன்பாடில்லை என்றால், கணக்கே உதைக்கிறது. 50 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் 23 கிலோ நைதரசன். கூட்டெருவில் நைதரசன் நூற்றுக்கு ஒன்று என்று வைத்தாலும், ஒரு மூட்டைக்கு ஈடாக 2 தொன்னுக்கு மேல் கூட்டெரு வேண்டும், அதிலும் எல்லாமே முதல் போகத்தில் பயிருக்குக் கிடைக்காது. நாட்டிலுள்ள வயல் அத்தனைக்கும் அவ்வளவு எருவை எந்த லொறியில், எந்த மாட்டிலிருந்து கொண்டு வருவது? அத்தோடு, மக்காத பச்சைத் தழையையோ வைக்கோலையோ தண்ணீர் கட்டுவதற்குச் சற்று முன்னால் வயலில் உழுது போட்டால் மெதேன் கூடும், குறையாது. நன்றாக மக்கிய எரு என்றாலோ, வைக்கோலை அறுவடை முடிந்த கையோடு உழுது ஒரு மாதத்துக்கு மேல் காய்ந்த மண்ணில் மக்கவிட்டாலோ அந்தக் கெடுதல் வெகுவாகக் குறையும். அவசரத்தில் கையில் அகப்பட்டதை எல்லாம் சேற்றில் போட்டால் காலநிலைக்கும் நன்மையில்லை, நெல்லுக்கும் நன்மையில்லை.

யாழ்ப்பாணத்தில் பூவரசங்குழையும் வேறு குழைகளும் வெட்டித் தோட்டத்தில் தாழ்த்துவது தலைமுறை தலைமுறையாக நடந்தது. அது மேட்டு நிலம், தண்ணீர் கட்டுவதில்லை, வேலியிலேயே குழை வளர்ந்தது, ஒரு குடும்பத்துக்கு இருந்தது சில பரப்புக் காணி. அந்த அளவுக்கு அது அருமையான முறை. அம்பாறையில் இயந்திரம் வைத்து அறுக்கிற நூறு ஏக்கர் வட்டையில் போய் அதையே செய்யச் சொல்ல முடியாது.

பிறகு எதுதான் வழி என்றால், யூரியாவை நிறுத்துவதில் இல்லை, வீணாகிறதை நிறுத்துவதில் இருக்கிறது. வயலில் போடுகிற நைதரசனில் ஏறத்தாழ பாதி பயிருக்குப் போய்ச் சேர்வதே இல்லை, காற்றிலும் கிணற்றிலும் குளத்திலும் சேர்கிறது. இதற்கு அரசாங்கமும் பொறுப்பு. 2005இலிருந்து ஏறத்தாழ பத்து ஆண்டு 50 கிலோ மூட்டை 350 ரூபாய்க்குக் கிடைத்தது, அந்த விலைக்குக் கிடைக்கிறபோது யார் அளந்து போடுவார்? 2016இல் மூட்டையை விட்டுக் காசாகக் கொடுக்கிற முறைக்குப் போனார்கள், பிறகு திரும்ப மானிய மூட்டை, பிறகு இலவச மூட்டை, பிறகு தடை, பிறகு திரும்பக் காசு. பத்து ஆண்டுக்குள் இத்தனை தலைகீழ் மாற்றம் செய்தால் கமக்காரர் எதைத்தான் நம்பி முதல் போடுவார்?

எனக்குச் சரியென்று படுவது காசு மானியம்தான், ஆனால் பரப்புக்கு இவ்வளவு என்று கண்ணை மூடிக் கொடுக்காமல், மண் பரிசோதித்தவருக்கும் இலை நிற அட்டை பார்த்துப் பசளை போடுகிறவருக்கும் கொஞ்சம் கூடக் கொடுக்கிற மாதிரி. இலை நிற அட்டை என்பது பச்சை நிறத்தின் பல சாயல் உள்ள சிறு பிளாஸ்டிக் அட்டை, நெல் இலையோடு ஒட்டிப் பார்த்து, இலை வெளிறினால் மட்டும் யூரியா போட வேண்டும். மலிவான பொருள், ஒரு அட்டை பல போகத்துக்கு வரும். அதைக் கொடுத்து அருகில் நின்று இரண்டு போகம் காட்டுகிற போதனாசிரியருக்குச் சம்பளமும் மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய்க் காசும் கொடுப்பதுதான் பெரிய செலவு, அங்கேதான் அரசாங்கங்கள் கையைச் சுருக்குகின்றன.

கேள்வி: முத்துராஜவெலவில் மண் போட்டு நிரப்புவது பற்றி அடிக்கடி செய்தி வருகிறது. வெள்ளம் வரும் என்பது விளங்குகிறது. அதற்கும் நீங்கள் எழுதுகிற காபனுக்கும் என்ன தொடர்பு? (வத்தளை)

நேரடித் தொடர்பு. கொழும்புக்கு வடக்கே உள்ள முத்துராஜவெல வெறும் சேற்று நிலமில்லை, 3,000 ஹெக்டேயருக்கு மேல் உள்ள முற்றா நிலக்கரிச் சதுப்பு. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் செத்த செடியும் இலையும் தண்ணீருக்கடியில் மக்காமல் படிந்து கிடக்கிறது. உலக நிலப்பரப்பில் இப்படிப்பட்ட சதுப்பு 3 சதவீதம்தான், ஆனால் உலகத்துக் காட்டு மரங்களில் இருப்பதைப்போல் இரண்டு மடங்கு காபனை அது பிடித்து வைத்திருக்கிறது. தண்ணீரை வடித்தால் காற்றுப் படும், மக்கத் தொடங்கும், ஆண்டுக்கணக்கில் நிற்காமல் காபனீரொட்சைட்டு வரும், கோடையில் தீப்பிடித்தால் மண்ணே புகையும். உலகச் சதுப்புகளில் ஏறத்தாழ 12 சதவீதத்தைத்தான் வடித்திருக்கிறார்கள், அதிலிருந்து மட்டும் மனிதர் வெளியிடுவதில் 4 சதவீதம் வருகிறது. வடித்தவற்றில் பெரும் பகுதி விவசாயத்துக்காக வடித்தவை, ஐரோப்பாவில் புல்லுக்கும் தானியத்துக்கும், இந்தோனேசியாவில் செம்பனைக்கும்.

முத்துராஜவெலவிலும் ஒரு காலத்தில் நெல் விளைந்தது. ஒல்லாந்தரும் பிறகு ஆங்கிலேயரும் வெட்டிய கால்வாய்கள் வழியாக உப்புத் தண்ணீர் ஏறி அது கைவிடப்பட்டது. 1996இல் ஒரு பகுதியைச் சரணாலயமாக அறிவித்தார்கள், மீதியில்தான் இழுபறி. கொழும்புக்கு 2018இல், ஈரநிலங்களைக் காப்பதற்கான சர்வதேச ராம்சார் உடன்படிக்கையின் கீழ், ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம், அதே கையால் ஓரமாக ஓரமாக மண்ணும் கொட்டுகிறோம்.

கொழும்பைச் சுற்றியுள்ள தரிசு வயலுக்கும் இது பொருந்தும். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் அனுமதியில்லாமல் வயலை நிரப்ப முடியாது. ஆனால் ஐந்தாறு ஆண்டு பயிர் செய்யாமல் விட்டு, பற்றை மண்டியதும், "இது இனி வயலா?" என்று கேட்டு அனுமதி வாங்குகிற வழி எல்லாருக்கும் தெரியும். உங்கள் தெருவில் இரவில் மண் லொறி வந்தால் இலக்கத்தைக் குறித்து, படம் எடுத்து, கிராம அலுவலரிடமும் கமநல சேவை நிலையத்திலும் எழுத்தில் கொடுங்கள், வாயால் சொன்னால் காற்றோடு போய்விடும். பிரதியை வைத்துக்கொள்ள மறக்காதீர்கள்.

கேள்வி: போரில் விட்டுவிட்டு ஓடிய எங்கள் காணி முப்பது வருடத்தில் காடாகிவிட்டது. வனத் திணைக்களம் எல்லைக்கல் நட்டு வைத்திருக்கிறது. நீங்கள் காட்டைக் காப்பாற்றினால்தான் காபன் குறையும் என்கிறீர்கள். அப்போ நாங்கள் திரும்பிப் போகக் கூடாதா? (வவுனியாவைச் சேர்ந்தவர், இப்போது மட்டக்குளி)

போக வேண்டும் அம்மா. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

2030க்குள் காட்டுப் பரப்பை 32 சதவீதமாக்குவோம் என்று இலங்கை 2021இல் உலகத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறது. அந்த இலக்கத்தைத் தொடுவதற்கு மிகச் சுலபமான வழி, ஆள் இல்லாத காலத்தில் தானாக வளர்ந்த பற்றைக் காட்டையும் வரைபடத்தில் பச்சையாகக் காட்டிவிடுவது. இடம்பெயர்ந்தவர் காணியில் நின்று நாட்டின் காபன் கடனை அடைப்பது என்பதை என்னால் ஏற்க முடியாது. அதே நேரம், 2020 நவம்பரில் என்ன நடந்தது என்றும் பாருங்கள். ஏனைய அரச காடுகள் என்று வகுத்திருந்த ஏறத்தாழ 5 இலட்சம் ஹெக்டேயரைப் பாதுகாத்து வைத்திருந்த 2001ஆம் ஆண்டுச் சுற்றுநிருபத்தை இரத்துச் செய்து, சேனைப் பயிர்ச்செய்கைக்கும் (காடு வெட்டி எரித்துப் பயிரிடுவது) வேறு தேவைக்கும் கொடுக்கலாம் என்று பிரதேச செயலகங்களிடம் விட்டார்கள். ஆக ஒரு பக்கம் காணிக்காரருக்குக் கல் நட்டார்கள், இன்னொரு பக்கம் உண்மையான காட்டை விவசாயத்துக்குத் திறந்துவிட்டார்கள். காபன் கணக்கில் பார்த்தால் இரண்டாவதுதான் பல மடங்கு நட்டம், ஒருபோதும் பயிர் செய்யாத முதிர்ந்த காட்டில் மரத்திலும் மண்ணிலும் இருப்பது முப்பது வருடப் பற்றையில் இருப்பதைவிட எவ்வளவோ அதிகம்.

உங்கள் கையில் 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ்க் கொடுத்த அனுமதிப்பத்திரம் இருந்தால், அல்லது பழைய வாக்காளர் பட்டியல், விதானையார் கடிதம், கிணறு, அத்திவாரம், தென்னை இப்படி ஏதாவது அடையாளம் இருந்தால், பிரதேச செயலகத்தில் முறைப்பாட்டை எழுத்தில் பதியுங்கள், ஊரவர் சேர்ந்து ஒரே வரைபடத்தோடு போனால் இன்னும் பலம். கிடைத்த பிறகு முழுவதையும் மொட்டையடிக்காமல், குளத்து நீரேந்துப் பக்கத்தையும் பெரிய மரங்களையும் விட்டு, எல்லையில் பனையும் உள்ளே மாவும் மரமுந்திரிகையுமாக வைத்தால், வருமானமும் வரும், பற்றை பிடித்து வைத்திருந்த காபனில் ஒரு பங்கும் நிற்கும். ஆனால் அதை நிபந்தனையாக வைத்துக் காணியைக் கொடுப்பது வேறு விஷயம், அதற்கு நான் உடன்படமாட்டேன். உங்கள் காணி, நீங்கள் தீர்மானிப்பது.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் கைவிட்ட தேயிலை மலையில் மரம் நட்டு காபன் விற்கப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது. நல்லதா கெட்டதா? (ஹட்டனில் பிறந்து கொழும்பில் கடையில் வேலை செய்பவர்)

மரம் நல்லது. ஒப்பந்தத்தைத்தான் பார்க்க வேண்டும். தோட்டங்களைக் கம்பனிகளுக்குக் கொடுத்த குத்தகை 1992இலிருந்து 53 வருடம், அது 2045இல் முடிகிறது. காபனுக்காக நடுகிற மரம் முப்பது, நாற்பது வருடம் நின்றால்தான் விற்ற காபனுக்கு அர்த்தம். அப்படியானால் 2045க்குப் பிறகு அந்த மரத்தை வெட்டாமல் பார்ப்பது யார் பொறுப்பு? காசை இப்போதே வாங்கிக்கொள்பவர் யார்? இன்னொன்று, கைவிட்ட மலை என்று கடதாசியில் எழுதுகிறார்கள், அங்கே யாரோ மரக்கறி போடுகிறார்கள், மாட்டுக்குப் புல் அறுக்கிறார்கள், விறகு பொறுக்குகிறார்கள். இருநூறு வருடமாக அந்த மண்ணில் உழைத்தும் பெயரில் ஒரு பேர்ச் காணி இல்லாத குடும்பங்கள் அவை. அவர்களுக்குக் காணி உறுதி கொடுத்து, மரத்தில் பங்கும் கொடுத்தால், காவலுக்கு ஆள் போடாமலே மரம் நிற்கும்.

எது நடுகிறார்கள் என்றும் கேளுங்கள். ஒரே வகை யூகலிப்ரஸ் மட்டும் என்றால் ஊற்று வற்றலாம். தேயிலைக்கு நடுவே நிழல் மரமும் கிளிசரிடியாவும் வைப்பது வேறு கதை, அதன் தழை மண்ணுக்கு நைதரசன் கொடுக்கும், கிளை தேயிலைத் தொழிற்சாலையின் அடுப்புக்குப் போகும்.

கேள்வி: டென்மார்க்கில் மாட்டுக்கு வரி போட்டுவிட்டார்களாமே. இங்கேயும் போட்டால் என்ன? நான் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை. (பம்பலப்பிட்டி)

சாப்பிடாதவர் வரி போடச் சொல்வது சுலபம்! டென்மார்க் 2024இல் முடிவெடுத்தது, மாடு விடுகிற வாயுவைக் காபனீரொட்சைட்டுக் கணக்குக்கு மாற்றி, 2030இலிருந்து தொன்னுக்கு 300 குரோனர் (டென்மார்க் நாணயம்), 2035இல் 750. ஆனால் 60 சதவீதக் கழிவு உண்டு, அதனால் கையிலிருந்து போவது 120உம் 300உம்தான். அதோடு விவசாய நிலத்தில் ஒரு பகுதியைக் காடாகவும் இயற்கை நிலமாகவும் மாற்றப் பெரும் நிதி ஒதுக்கியிருக்கிறார்கள், கமக்காரர் சங்கத்தையும் மேசையில் இருத்திப் பேசித்தான் முடித்தார்கள். நியூசிலாந்தும் இப்படி ஒரு வரி கொண்டுவரப் புறப்பட்டு, எதிர்ப்பில் கைவிட்டது. நம் கதை வேறு. இங்கே ஒரு மாடு கொடுக்கிற பால் குறைவு, அதனால் ஒரு லீற்றருக்குரிய மெதேன் கூட. நல்ல புல்லும் வைத்தியமும் கொடுத்துப் பாலைக் கூட்டுவதே இங்கே குறைப்பு வழி. தவிர, நீங்கள் காலையில் தேத்தண்ணியில் கலக்கிற பால்மா நியூசிலாந்து மாட்டினுடையதாக இருக்கலாம், அதன் மெதேனும் உங்கள் கணக்கில்தான்.

கேள்வி: பேலியகொடைச் சந்தையில் மரக்கறி மொத்த வியாபாரம் செய்கிறேன். தினமும் எறிகிற மரக்கறியைப் பார்த்தால் வயிறு எரிகிறது. இதுவும் காபன்தானா? (பேலியகொடை)

இதுவும்தான். உணவு வீணாவதால் மட்டும் உலகப் பச்சைவீட்டு வாயுவில் 8 முதல் 10 சதவீதம் வருகிறது. நீங்கள் எறிகிற ஒரு கிலோ கோவாவில் நுவரெலியாவில் போட்ட யூரியா இருக்கிறது, வெட்டிய காடு இருக்கிறது, லொறி டீசல் இருக்கிறது, குப்பை மேட்டில் காற்றுப் படாமல் அழுகும்போது வருகிற மெதேனும் சேர்ந்துகொள்கிறது. மீதொட்டமுல்ல குப்பை மலை 2017 சித்திரைப் புத்தாண்டு அன்று சரிந்து முப்பது பேருக்கு மேல் செத்தார்களே, அந்த மலையில் பெரும் பகுதி இப்படி அழுகிய பொருள்தான்.

மூட்டையில் திணித்துக் கட்டி, அதன்மேல் ஆளும் ஏறி உட்கார்ந்து வருவதால்தான் பாதிச் சேதம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2011 கடைசியில் பிளாஸ்டிக் கூடை கட்டாயம் என்று விதி கொண்டுவந்தார்கள், தம்புள்ளையில் பெரிய எதிர்ப்பு, விதியைத் தளர்த்தினார்கள். வியாபாரிகள் பிடிவாதக்காரர் என்று அப்போது பலரும் திட்டினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கூடை வைத்தால் ஒரு லொறியில் ஏறுகிற நிறை குறையும், கூடைக்கு முதல் வேண்டும், வெறும் கூடை திரும்பிப் போகவும் கூலி வேண்டும், இந்த மூன்று செலவும் யாருடையது என்று அந்த விதியில் ஒரு வரி இல்லை. சந்தையே கூடையை வாங்கி வைத்து, போத்தலுக்கு வைப்புப் பணம் எடுக்கிற மாதிரி எடுத்து, திரும்பிப் போகிற லொறியில் ஏற்றிவிட்டால் இந்த வேலை நடக்கும், தக்காளி, பப்பாசி போல நசிகிற சரக்கிலிருந்து தொடங்கலாம். கோவாவின் வெளி இலையைத் தோட்டத்திலேயே கழித்துவிட்டு வரச் சொல்லுங்கள், அது அங்கே மாட்டுக்கும் மண்ணுக்கும் உதவும், இங்கே உங்களுக்கு குப்பைக் கூலிதான். உங்கள் சங்கத்தில் இதைப் பேசியிருந்தால் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.